சங்கிலி பத்திரம், அம்மணி!

கண்டக்டர் வேலைக்கு விசிலும் டிக்கெட் மெஷினும் கொடுப்பார்கள். சந்தேகத்தை நாமேதான் கொண்டுபோக வேண்டும். சேலம்–இளம்பிள்ளை டவுன் பஸ்ஸில் பதினோரு வருடமாக நான் கொண்டுபோகிறேன். நெரிசலில் கழுத்தையும் பையையும் பிடித்துக்கொண்டே பயணம் செய்யும் சக பாவிகளுக்கு இது புரியும்.

துண்டு போர்த்திய கை

கையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தில் நிற்பவரை நான் நம்பவே மாட்டேன். துண்டுக்கு அடியில் விரல்கள் வேலை செய்யும். ஒருநாள் அப்படி நின்ற பெரியவரை, "துண்டை எடுங்க" என்று அதட்டினேன். எடுத்தார். முழங்கைவரை மாவுக்கட்டு. மொத்த பஸ்ஸும் என்னை முறைத்தது. அவர் நிதானமாகக் கேட்டார்: "வேணும்னா கட்டையும் அவுத்துக் காட்டட்டுங்களா?"

என் கூப்பாடு

கூட்டம் ஏறினால் "சங்கிலி பத்திரம், அம்மணி!" என்று கத்துவேன். உடனே பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. இளம்பிள்ளைக் கடை ஒன்றில் சேலை மடிக்கும் சரசு தினமும் வருபவள். அவளும் தாலிக்கொடியைத் தொட்டுவிட்டுச் சலித்துக்கொண்டாள்: "ஏனுங்ணா, நீங்க கத்துனா எல்லாரும் கழுத்தத் தொடறம். எங்க இருக்குதுன்னு திருடனுக்கு நீங்களே காட்டிக் குடுக்கறீங்களே!"

நேராக ஸ்டேஷனுக்கு

அன்று சிரித்தேன். அடுத்த வாரம், நான் கத்தி முடித்து இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் சரசு அலறினாள். தாலிக்கொடியைக் காணோம். ஒருவரையும் இறக்காமல் பஸ்ஸை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுவதுதான் எங்கள் வழக்கம். டிரைவரிடம் சொல்லிவிட்டு, முகம் முகமாகப் பார்த்தபடி நெரிசலுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்தேன்.

ஸ்டேஷனில் எல்லோரையும் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியாக ஏட்டு என் தோல்பையைக் கேட்டார். அலட்சியமாக நீட்டினேன். டிக்கெட் பேப்பர் சுருளுக்கு அடியில் சரசுவின் கொடி கிடந்தது. மூடாத பைக்குள் எவனோ போட்டிருக்கிறான். எவன் என்று கடைசிவரை தெரியவில்லை. என் வேலையும் மானமும் அப்போது சரசுவின் வாயில்தான் இருந்தன. அவள் என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு ஏட்டிடம் சொன்னாள்: "அவரு கத்தறதோட சரிங்க. எடுக்கற ஆளில்லீங்க."

மறுநாள்

மறுநாள் சரசு ஏறினாள். நான் கத்தவில்லை. கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். ஒரு கையால் வாங்கினாள். மறு கை கழுத்துக்குப் போனது. இருவருமே அதைக் கவனித்தோம். அவள் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்ணா, கை தானாப் போவுதுங்க."

பதினோரு வருடம் ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு, ஒரே ஒரு கை என்னைச் சந்தேகப்பட்ட பிறகுதான், அந்த மாவுக்கட்டுப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்தது.