மொட்டை மெட்டு

சுலபா பெட்ணேகர் பன்னிரண்டு வருஷம் பம்பாய் சினிமாவில் பாடினாள். ஒரு இசைத்தட்டிலாவது அவள் பேர் உண்டா? கிடையாது. பெரிய பாடகி கௌமுதி தீதிக்கு ஊர் ஊராகக் கச்சேரி, படப்பிடிப்போ காத்திருக்காது. அதனால் சுலபா முதலில் பாடிக்கொடுப்பாள். நாயகி அதற்கு வாயசைப்பாள். தீதி ஊர் திரும்பியதும் அதைக் கேட்டு அப்படியே பாடுவார். உடனே சுலபாவின் குரலை அழித்துவிடுவார்கள்.

வெறும் குரலை மட்டுமா கொடுத்தாள்? இசையமைப்பாளர் ஹர்பன்ஸ் சாஹேப் ஆர்மோனியத்தில் தருவது நாலு வரி மொட்டை மெட்டு. எங்கே குழைவது, எங்கே மூச்சைப் பிடித்து விடுவது என்று லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டே யோசித்து வைப்பவள் சுலபா. பத்திரிகைகளோ தீதியின் குழைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. எழுதியவர்களை விடுங்கள், உண்மை தெரிந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே!

தன் பேரில் ஒரே ஒரு பாட்டு. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஒருநாள் புது இசையமைப்பாளர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பாடினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாப் பாடுறீங்கம்மா. ஆனா அப்படியே தீதியைக் காப்பி அடிக்கிறீங்களே. அசல் இருக்கும்போது நகல் எதுக்கு?"

சுலபா படியிறங்கினாள். யார் யாருக்கு நகல்? உள்ளதையெல்லாம் எடுத்துக் கொடுத்தவளுக்கே திருட்டுப் பட்டமா?

அடுத்த வாரம் ஹர்பன்ஸ் சாஹேப் அழைத்தார். அவர் தந்த மெட்டை உள்ளபடியே பாடினாள். மருந்துக்குக்கூட ஒரு குழைவு இல்லை. எப்படியும் தீதி வந்து மெருகேற்றிவிடுவார் என்று சாஹேப் விட்டுவிட்டார். குழைவெல்லாம் தீதியுடையது என்று அவரே நம்பிவிட்டார், பாருங்கள்.

தீதி வந்த அன்று, வரியில் சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்வதற்காகச் சுலபாவை வழக்கம்போல வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தீதி ஒலிநாடாவை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். வயலின்காரர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்னம்மா இது? இதுல ஒண்ணுமே இல்லையே," என்றார் தீதி.

"மெட்டுல இருந்தது அவ்வளவுதான் தீதி. மிச்சமெல்லாம் என்னோடது. என் பேரைப் போடுறதா இருந்தா பாடுறேன்."

சாஹேப் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீதி தண்ணீர் கேட்டார். சுலபா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் பாடிக்கொடுக்கவில்லை.

தீதி அந்த மொட்டை மெட்டை மொட்டையாகவே பாடினார். பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. இந்த எளிமை வேறு யாருக்கு வரும் என்று பத்திரிகைகள் உருகின. அதுவும் சுலபா பாடிக்கொடுத்ததுதான்.