கடை பூட்டாத நத்தார்

போன கிழமை அலுவலகத்தில் யாரோ ஒரு பொதி கொக்கிஸ், அச்சில் தோய்த்துப் பொரிக்கிற பலகாரம், கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் வாங்கியது. தொழிற்சாலைச் சரக்கு, பூப்பூவாய் எல்லாம் ஒரே அளவு. பொதியைக் கிழித்ததும் எழுந்த எண்ணெய் மணம் என்னை நேரே வசந்தி அக்காவின் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கொண்டுபோய் நிறுத்தியது.

லா சப்பலிலேயே, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்தது அந்தக் கடை. நான் அங்கே கோப்பை கழுவினேன். பிறகு வெங்காயம் வெட்டும் அளவுக்குப் பதவி உயர்ந்தேன்.

நான் சொல்வது 2009 டிசம்பர், வன்னியில் யுத்தம் முடிந்த வருடம். அந்த வருடம் எங்கள் ஆட்களுக்குப் பண்டிகை என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. எங்கள் கடைக்கு எலிசபெத் அன்ரி என்று ஒருவர் வருவார். மன்னார்க்காரி, எழுபதை நெருங்கிய மனுசி. வன்னியில் நின்ற கடைசி மகனைப் பற்றி மே மாதத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு தகவலும் இல்லை. இங்கே பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் மகளோடு இருந்தார். அன்ரி தமிழில் கேட்பார், பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொல்லுவார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். பின்னேரங்களில் எங்கள் கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகும் வரை சனத்தின் கதையைக் கேட்டுக்கொண்டு இருப்பார்.

டிசம்பர் 25, நத்தாருக்கு மகள் குடும்பத்தோடு லண்டனுக்குப் போவதாக இருந்தது. அன்ரியின் கையில் இருந்தது விசா முடிவாகும் வரை கொடுக்கும் ரெசிப்பிசே என்ற தற்காலிகத் துண்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு லண்டனுக்குப் போக முடியாது.

"நத்தாருக்கு எங்களோடை சாப்பிட வாங்கோவன், அன்ரி," என்றேன்.

"ஏன் பிள்ளை, எனக்கு ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. நல்ல மனதோடு கேட்டால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

வசந்தி அக்கா அதைக் குசினி வாசலில் நின்று கேட்டிருந்தார். அடுத்த நாள் அன்ரி வந்து இருந்ததும் எதிரே போய் இருந்து, "அன்ரி, பலகார ஓடர் வந்திருக்கு. எனக்குக் கொக்கிஸ் சுடத் தெரியாது. ஒருக்கா வந்து கை குடுப்பியளோ?" என்றார்.

ஓடர் ஒன்றும் வரவில்லை.

நத்தாருக்கு முதல் நாள் காலை, கடை திறக்க முதலே அன்ரி வாசலில் நின்றார். கையில் சொந்த அச்சு. மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆர் கரைச்சது? இது கஞ்சி!" என்றார். கரைத்தது நான்தான். அன்று முழுவதும் அவர் அதட்ட, நாங்கள் ஓடினோம். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இடையில் ஒரு கொக்கிஸை அச்சிலிருந்து தட்டி விழுத்திவிட்டு, "சின்னவன் சூட்டோடை எடுத்துக்கொண்டு ஓடுவான்," என்றார். பிறகு அச்சை மறுபடி மாவில் தோய்த்தார்.

மத்தியானம் மேல் மாடியில் இருந்த பிரெஞ்சுக்கார மதாம் இறங்கி வந்தார், புகை மணக்கிறது என்று முறைப்பாடு சொல்ல. அவரும் தனியாள். வசந்தி அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, சுடச்சுட ஒன்றைக் கையில் வைத்தார். 'பொன்ஜூர்', 'மெர்சி', 'பார்தோன்' என்ற என் முழுப் பிரெஞ்சையும் செலவழித்து இரண்டு கிழவிகளுக்கும் மொழிபெயர்த்தேன். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மதாம் மேலே போய் ஒரு சொக்கிலேற் பெட்டி கொண்டுவந்தார். திகதி எப்போதோ முடிந்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

பின்னேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே அன்ரி என்னைப் பார்க்காமல் கேட்டார்: "பிள்ளை, நாளைக்கும் வேலை இருக்கோ?"

நத்தாரன்று கடை பூட்டு. நான் வாயைத் திறக்க முதலே வசந்தி அக்கா சொன்னார்: "ஓம் அன்ரி. நிறையக் கிடக்கு. பூசை முடிய நேரை வாங்கோ."

வருடத்தில் வசந்தி அக்காவுக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது. அதற்குப் பிறகு வந்த நத்தார்களுக்கும் அந்தக் கடை பூட்டவில்லை. தனியாக இருந்த வேறு சில வயதானவர்களும் வந்தார்கள். ஒருவரும் விருந்தாளியாக வரவில்லை. ஆளுக்கொரு வேலை இருந்தது.

ஒருவழியாக அன்ரிக்கு விசா கிடைத்தது. அந்த நத்தாருக்கு மகள் அவரையும் லண்டனுக்குக் கூட்டிப்போனார். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். நத்தாரன்று மத்தியானம் கடைக்கு அன்ரியின் அழைப்பு வந்தது.

"எப்பிடி அன்ரி, எல்லாரும் இருக்கினமோ?"

"ஓம் பிள்ளை, வீடு நிறைய ஆக்கள். என்னைச் சோபாவிலை இருத்தி விட்டிருக்கினம்." பிறகு, "மதாம் வந்திட்டாவோ? அவவுக்கு எண்ணெய் ஒத்தி எடுத்துக் குடுங்கோ," என்றார்.

அடுத்த நத்தாருக்கு அவர் இல்லை. செத்த வீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்கடை கடையிலை பலகாரம் சுட்டவவோ? கை நடுங்குதெண்டு நாங்கள் அவவை அடுப்படிப் பக்கமே விடுறேல்லை, தங்கச்சி," என்று அழுதார். அவர் கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவைக் களைக்க விடக்கூடாது என்றுதான் நினைத்தார்.

வசந்தி அக்கா முழங்கால் நோவோடு கடையை விற்றுவிட்டுக் கனடாவுக்குத் தம்பியிடம் போய்விட்டார். மதாமைத் தெற்கில் ஏதோ முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஊர் என்று நாங்கள் கேட்டு வைக்கவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிகள் விற்கிறார்கள். போன நத்தாருக்கு முதல் நாள் அதற்குள் போய், குசினி இருந்த பக்கம் சும்மா நின்றேன். "என்ன வேணும் அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். ஒரு சார்ஜரைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் உள்ள ஒன்றுக்கும் அது பொருந்தவில்லை.