டேனியின் முட்டி, கருப்பையாவின் முட்டி

எழுதத் தெரிந்தவள் எழுதுகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். வரி கோணும், பெயர் நாக்குவரை வந்து திரும்பிப் போய்விடும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இங்கே அமெரிக்காவில் கடைக்குப் போனால், கல்லாவில் நிற்கிற பெண் பை வேண்டுமா என்று கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். உடனே பையை உள்ளே வைத்துவிடுவாள். தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்தால் நமக்குச் ‘சரி’. இவர்களுக்கு அது ‘வேண்டாம்’ மாதிரி தெரிகிறதாம். மாவையும் வெங்காயத்தையும் முந்தானையில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். பை போனால் போகட்டும். ஒருத்தனின் பிழைப்பில் என் தலை புகுந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் தவறி, நான் மகளோடு வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். இந்த ஊரில் பேஸ்பால் டீம் ஒன்று உண்டு. கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம் அது. இது சின்ன லீக். நன்றாக ஆடுகிறவனைப் பெரிய டீமுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள், ‘கால் அப்’ என்று பெயர். அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் அத்தனை பேரும் அங்கே கிடந்தார்கள். எங்கள் மாடியறையில் டேனி, ராய் என்று இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே வேலை, அடிக்கிறவனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிப்பது. டேனிக்கு முன்னே முட்டியில் அடி பட்டிருந்தது. ஆனால் அவன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவான். என்னோடு தரையில் சம்மணம் போட்டு எலுமிச்சஞ்சோறு சாப்பிடுவான். அவன் முட்டி தேறிவிட்டது என்று எனக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம் அவர்களுடைய கோச் வந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது ‘டேனி’யும் ‘குட்’டும்தான். நல்ல பையனா என்று கேட்கிறார் போல என்று தலையை ஆட்டினேன்.

“நோ?” என்றார்.

ஐயோ, போதவில்லையோ என்று இன்னும் பலமாக ஆட்டினேன். அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. மறுநாள் காலையில் ராய்க்குக் கூப்பாடு வந்தது. டேனி அவனைக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு, என் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மகள் கோச்சுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. “எம்மா, டேனிக்கு முட்டி நல்லாருக்கான்னுதான் அவரு கேட்டாராம். நீ இல்லன்னுட்டியாம்.”

“நான் எங்கடி இல்லன்னேன்?”

“உன் தல சொல்லிருச்சே!”

அதற்குள் ராய் பெரிய டீமில் போய் இறங்கியாயிற்று. நான் சோற்றுப் பானை முன்னால் நின்று அழுதேன். டேனிதான் என் தோளைத் தட்டினான்.

அன்றைக்குத்தான் எங்கள் ஊர் பந்தல்குடி ஞாபகம் வந்தது. எண்பதுகளில் தூத்துக்குடி ரோட்டில் எங்கள் பஞ்சர் கடை. பின்னால் வேலிக்கருவையை வெட்டி ஒதுக்கிய கரிசல் தரையில் அவுக, என் வீட்டுக்காரர், கபடி டீம் நடத்தினார்கள். ஏ டீம், பி டீம் என்று இரண்டு. ஆட்டம் முடிந்தால் என் கையால்தான் சாப்பாடு. யார் சம்மணம் போடும்போது முகம் சுளிக்கிறான், யார் காலை நீட்டுகிறான் என்று பரிமாறுகிற எனக்குத்தான் தெரியும். திருச்சுழிப் பந்தயத்துக்கு பி டீமிலிருந்து ஒருத்தனை ஏ டீமுக்கு ஏற்ற வேண்டும். செல்லையாவா, கருப்பையாவா? லாரிக்காரர்கள் நிற்க, அவுக கடையிலிருந்தே என்னைக் கேட்டார்கள்.

“ஏ புள்ள, கருப்பையா முட்டி எப்படிருக்கு?”

அத்தனை ஆம்பளைகள் நடுவே எனக்கு வாய் வருமா? வாசல்படியில் நின்று தலையை ஆட்டினேன்.

“மதினி என்னண்ணே சொல்றாக?” என்றான் கருப்பையா.

“எம் பொண்டாட்டி தலையாட்டுனா நாலு அர்த்தம்லே. நாலும் எனக்குத் தெரியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே ஓடிவிட்டேன். அந்த வார்த்தையை அட்டிகை மாதிரி இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். ஆனால் பஸ் ஏறியது செல்லையா. கருப்பையா பிறகு மைதானத்துக்கே வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவுகளும் சொல்லவில்லை. நான் ஆட்டியது ‘நல்லாருக்கு’. நாலில் எதை எடுத்தார்களோ?

டேனி அந்த சீசன் முழுக்க எங்களோடுதான் இருந்தான். என் தலையாட்டலையும் படித்துக்கொண்டான். “சோறு போடவா?” என்றால், பந்தல்குடியில் பிறந்தவன் மாதிரி தோளுக்குத் தோள் சாய்ப்பான். நானோ கண்ணாடி முன் நின்று மேலும் கீழும் ஆட்டப் பழகினேன். இப்போது கடைக்காரியிடம் தலை பக்கவாட்டில் போகிறது, ஊரிலிருந்து போன் வந்தால் மேலும் கீழும் போகிறது. எந்த ஊருக்கு எதை ஆட்டுவது என்று என் கழுத்துக்கே தெரியவில்லை.

பந்தல்குடிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்று விசாரித்துச் சொல்லுங்கள். பந்தயம் திருச்சுழியில்தானா, பாலவனத்தத்திலா? அது தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள். கருப்பையா இருந்தால், அன்றைக்கு அவரை ஏன் ஏற்றவில்லை என்று அவுக ஏதாவது சொன்னார்களா, முட்டிதான் காரணமா என்று கேளுங்கள். எதுவானாலும் எனக்கு எழுத்தில் எழுதிப் போடுங்கள். தலையாட்டினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.