பாத்திரம் வருமுன் எழுந்தவன்

மலேசியாவின் கூலாயில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. போதகர் அப்பத்தைக் கையில் வைப்பார். பிறகு திராட்சரசம் உள்ள ஒரே பாத்திரத்தை, முழங்காலிட்டிருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் வரிசையாகக் குடிக்கக் கொடுப்பார். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்கு நீட்டுவார். கோவிட் காலத்தில் ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வந்தது. அது முடிந்ததும் பெரியவர்கள் அடம்பிடித்துப் பழைய பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தப் பாத்திரத்தைத்தான் நான் தொடாமல் இருந்தேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று நம்பினேன். இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும் நம்பினேன். அதுதான் எனக்கு வந்த நோய்.

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒருத்தியைக் காதலித்தேன். கவனமாகத்தான் இருந்தோம், நல்லபடியாகத்தான் பிரிந்தோம். வெகுநாள் கழித்து ஹெல்மெட் பட்டை உரசிக் கழுத்தில் ஒரு தடிப்பு வந்தது. கைப்பேசியில் தேடினேன். தடிப்பு, வெளுத்த நாக்கு எல்லாம் எச்.ஐ.வி. அறிகுறியாக இருக்கலாம் என்று வந்தது. தேடியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் கண்ணாடி பின்னால் வரும் லாரியைப் பார்க்க அல்ல, என் நாக்கைப் பார்க்க என்றாகிவிட்டது. தே தாரிக், அதுதான் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, குடித்த நாக்கு வெளுத்துத்தான் இருக்கும். அதுகூட என் மண்டையில் ஏறவில்லை.

தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று ஜொகூர் பாருவுக்குப் போய், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். ‘இல்லை’ என்று பதில் வந்த அன்று ரொட்டி சானாய் கூடுதலாக இறங்கும். வாரம் முடிவதற்குள் சந்தேகம் திரும்பிவிடும். குழாய் மாறியிருக்குமோ? வேறு யாருடைய ரத்தத்திலோ என் பெயரை ஒட்டிவிட்டார்களோ?

பாத்திரத்தால் அது பரவாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பாத்திரம் வருமுன் எழுந்துவிடுவேன். நான் ஏதோ பாவத்தில் விழுந்துவிட்டேன் என்று பின்வரிசை ஆன்ட்டிகள் முடிவு கட்டினார்கள். அம்மாவிடம் ஒருவர், “பையனுக்காக ஜெபம் பண்றோம்மா” என்று சொல்லியும்விட்டார்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணும் எங்கள் சபைதான். பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு போதகர் இருவர் பெயரையும் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். முதல் ஞாயிறு கேட்டார். யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் வியர்த்தது. என்னைவிடப் பெரிய தடை யார்? அடுத்த ஞாயிறும் அதே கதை. அன்று மத்தியானமே, கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்ல அவளைக் கோப்பிக்கடைக்குக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய காதல் அவளுக்கு முன்பே தெரியும். அவள் முகம் மாறவில்லை.

“கடைசி டெஸ்ட்ல என்ன சொன்னாங்க?”

“இல்லன்னுதான். ஆனா...”

“அதுக்கு முன்னாடி?”

“அதுவும் இல்லன்னுதான்.”

“அலமாக்” என்று அலுத்துக்கொண்டே ஐஸ் மைலோவைக் கலக்கினாள். “அப்ப ரத்தத்துல ஒண்ணும் இல்ல லா. பயம்தான் இருக்கு. அதுக்கும் டாக்டர் இருக்காங்க. நானும் கூட வரேன்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இப்ப அழாதீங்க, நான் உங்கள வேணாம்னு சொல்லிட்டேன்னு கடையில நினைப்பாங்க” என்றாள்.

அந்த வாரமே போனோம். இதுவரை எந்தக் கிளினிக்கிலும் சொல்லாததை அங்கே சொன்னேன்: நான் ஏற்கெனவே பல இடங்களில் பரிசோதித்துவிட்டு வந்தவன். டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். “பார்க்க வேண்டிய காலமெல்லாம் எப்பவோ தாண்டிருச்சு, தம்பி. இனிமே டெஸ்ட் வேணாம். செய்யணும்னு தோணுச்சுன்னா இங்க வந்து பேசுங்க” என்றார். போய்ப் பேசினேன். இன்றும் தடிப்பு வந்தால் கை கைப்பேசிக்குத்தான் போகிறது. ஆனால் தேடுவதில்லை, அவளுக்கு அனுப்புகிறேன். ‘வெயில். பவுடர் போடுங்க’ என்று பதில் வருகிறது. எவ்வளவு நிம்மதி!

டாக்டரை முதலில் பார்த்த அந்த வாரக் கடைசியில், மூன்றாம் வாசிப்பு திருவிருந்து ஞாயிறன்றே வந்தது. போதகர் தடை உண்டா என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அன்று அவள் நேராக வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். பாத்திரம் வந்தது. எழுந்துவிடக் கால் துடித்தது. குடித்தேன். ரசம் கொஞ்சம் புளித்திருந்தது.

போதகர் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். அதற்குள் அவள் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, நான் வாய் வைத்த இடத்திலேயே குடித்தாள்.