மாத்தேனேயின் கடைசிச் சொல்

வைரோவா ஊரில் ராஹெரா கதவைத் தட்டினால், அந்த வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும், இருவரும் சம்மதித்தால், தண்டனைக்கு முன் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசவைப்பது அவள் வேலை. இறைச்சி ஆலை வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவள். அவள் தம்பியை அடித்துக் கொன்றவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அவள் குடும்பத்துக்கு வாய்க்கவில்லை. அவன் சிறையிலேயே செத்துப்போனான்.

கஹுவின் மகன் மாத்தேனே கார் விபத்தில் இறந்தான். குடித்துவிட்டு ஓட்டியவன் அவன் சிநேகிதன் ராவிரி. சிறு வயதிலிருந்து கஹுவின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

கஹு முதலில் கதவையே திறக்கவில்லை. ராஹெரா விடாமல் போனாள்.

“மறுபடியும் வந்துட்டியா? உனக்குப் போக வேற வீடே இல்லையா?”

“உன் வீட்டு டீ நல்லா இருக்கும்னு சொன்னாங்க.”

“உனக்கு யாரு டீ குடுக்கப் போறா?” என்றாலும் கதவு திறந்தது.

மகனின் கடைசி நேரத்தைப் பற்றி ராவிரியிடம் கேட்க ஒன்று இருக்கிறது என்றாள் கஹு. அதை ராஹெரா போய்ச் சொன்னபோது அவன் முகம் வெளிறிப்போனது. அத்தைக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். பொய் சொல்வதாக இருந்தால் வரவே வேண்டாம் என்றுவிட்டாள் ராஹெரா.

குலத்தின் பொது மன்றமான மராயேயில், சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். பெரியவர் பிரார்த்தனை சொன்னார். பன்றிக்கறியும் கீரையும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. பேச்சு முடிந்து சேர்ந்து சாப்பிடுவது வழக்கம்.

“எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?” என்றாள் கஹு.

ராவிரி தரையைப் பார்த்தான்.

“மெதுவா போடான்னான், அத்தை. நான் சிரிச்சேன். இன்னும் வேகமா மிதிச்சேன்.”

கஹு அழவில்லை. மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள். குல வழக்கப்படி அவள் மூக்கோடு மூக்கு வைத்து விடைபெற எழுந்த ராவிரி, நடுக்கூடத்தில் அப்படியே நின்றான். அன்று யாரும் சாப்பிடவில்லை.

ராவிரிக்குச் சிறை கிடைத்தது. ராஹெரா மாதாமாதம் போய்ப் பார்த்தாள். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று காவலர்கள் சொன்னார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே எண்ணம்தான்: அந்தப் பொய்யைச் சொல்ல விட்டிருக்கலாமோ?

குளிர்காலத்தில் கஹுவே அவளைத் தேடி வந்தாள்.

“அவன் பொய் சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்” என்றாள். “ஆனா எம்புள்ள பயந்துபோய் இருந்திருக்கான். அது எனக்குத் தெரிய வேண்டாமா? பெத்தவ நான்” என்றாள்.

பிறகு, சிறைக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னாள். காரில் போகும்போது, பொரித்த ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்தும் செய்து எடுத்து வந்திருந்தாள். இரண்டு பையன்களுக்கும் அது பிடிக்கும்.

சிறை வாசலில் கார் நின்றது. கஹு கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.

“என்னால முடியல. நீ போ. அவன சாப்பிடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

ராஹெரா தனியாக உள்ளே போய்ச் சொன்னாள். ராவிரி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பார்வை நேரம் முடியும்வரை அவன் நிமிரவேயில்லை.