ஜவ்வாது மலையில் பனிக்குப் பாவு கட்டிய கதை

தை மாதத்தின் ஒரு சனி, ஞாயிறு. வேலூரில் அறிவியல் டீச்சரான நான், இழுத்துப் போர்த்தித் தூங்க வேண்டிய இரண்டு நாளையும் விட்டுவிட்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பக் காரணம் மல்லிகா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. மலைச்சரிவில் அவளுக்குக் கொஞ்சம் நிலம், அதில் ஆடியில் நட்ட நாற்பது எலுமிச்சங்கன்று. ஊற்று வற்றிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் குடம் சுமந்து முட்டி வீங்கியதுதான் மிச்சம். "திங்கக்கெழம திருப்பூருக்குக் கெளம்பறேன்டி. பனியன் கம்பெனியில வேல இருக்குதாம். கன்னு காஞ்சா காயட்டும்" என்று போனில் சொன்னாள். பையைக்கூடக் கட்டிவிட்டாளாம்.

அதே நிலத்தில் விடிகாலையில் ஆளை மறைக்கும் மூடுபனி. சிலி நாட்டின் கடலோரப் பாலைவனத்தில் கடலிலிருந்து வரும் மூடுபனியை வலைகட்டிப் பிடித்துப் பயிர் வளர்க்கிறார்கள் என்று வருடா வருடம் வகுப்பில் முழங்குகிறவள் நான். முழங்கினால் மட்டும் போதுமா? என் தங்கையின் கல்யாணப் புடவையை நெய்த, ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டு ஊர் நெசவாளி தணிகாசலம் அண்ணனிடம் நைலான் நூலைக் கொடுத்து, ஆறடிக்கு ஐந்தடி, கண் கண்ணாகத் தெரிகிற மாதிரி நெய்யச் சொல்லியிருந்தேன்.

சனி காலை 6.10க்கு வேலூரில் பஸ், 7.30க்கு ஆரணி, டிக்கெட் 35 ரூபாய். அங்கிருந்து முள்ளிப்பட்டுக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். வலை தயாராக இருந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி மொடமொடவென்று நின்றது. ஆகா என்று பாராட்டினேனே தவிர, நைலான் ஏன் மொடமொடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. டீச்சர் லட்சணம்! தணிகாசலம் அண்ணனும் கூடவே கிளம்பிவிட்டார். "பட்டு நெய்ஞ்சா கட்டினவங்க ஒடம்புல பாக்கலாம். இது எப்பிடி நிக்கும்னு நேர்ல பாக்கணும்ங்க."

ஆரணிக்குத் திரும்பி, சந்தவாசலுக்கு பஸ், ஒரு மணி நேரம். அங்கிருந்து மலைக்கு ஷேர் ஜீப், 18 கிலோமீட்டர், ஆளுக்கு 80 ரூபாய். டிரைவர் சுருட்டிய வலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாங்க, பட்டா? யாருக்குக் கல்யாணம்?"

"இது பனி புடிக்கிற வலைங்க" என்றேன்.

"பனியப் புடிச்சி இன்னா பண்ணப் போறீங்க?"

"செடிக்கு ஊத்தத்தான்."

அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ராத்திரி மல்லிகா வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை 5.15. காற்று வரும் பக்கம் பார்த்து மூங்கில் சட்டத்தில் வலையைக் கட்டினோம். அடியில் நெடுக்கப் பிளந்த பிவிசி பைப், அதன் முனையில் குடம். பனி வந்தது. ஆறு மணி ஆயிற்று, ஒரு சொட்டு விழவில்லை. வலை நனைந்த வேட்டி மாதிரி கனத்துத் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பு.

"அண்ணா, இது இன்னாது?"

"கஞ்சிங்க. பாவு நூலுக்குக் கஞ்சி வெக்காம எப்பிடிங்க நெய்யறது? இவ்ளோ எடவெளி வுட்டு நெய்ஞ்சா நூலு நகந்துகினே இருக்கும். அதான் நெய்ஞ்சி முடிச்சும் இன்னொரு தபா கெட்டியா வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் பனியே விலகியிருக்க வேண்டும். அவர் அக்கறையாகத்தான் செய்திருக்கிறார், அதனால் கத்தவும் முடியவில்லை.  மல்லிகா வாசலில் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தாள். 

வெந்நீர் போட்டுக் கஞ்சியைக் கழுவினோம். அப்போதும் சொட்டவில்லை. கண்ணுக்குக் கண் நீர் அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"நெடுக்க போற பாவு நூல்ல தண்ணி எறங்குதுங்க. குறுக்க போற ஊடைதான் புடிச்சிகினு வுடமாட்டுது."

சொல்லிவிட்டு மல்லிகாவிடம் கத்தரி கேட்டார். மேலும் கீழும் நாலு விரல் அகலத்துக்கு நெசவை விட்டுவிட்டு, நடுவில் இருந்த குறுக்கு நூல்களை வெட்டி ஒவ்வொன்றாக உருவினார். முப்பது வருடமாகத் தறியில் உட்காரும் மனிதர். "நெய்ஞ்சத நானே பிரிக்கறது இதான் மொத தபா" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை.

ஏழரை மணிக்குப் பிரித்து முடித்தார். சட்டத்தில் வெறும் பாவு மட்டும், நெசவாளர் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுகிற பாவை நிமிர்த்தி வைத்தது போல நின்றது. பத்து நிமிடத்தில் பைப்பில் டொக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. அப்பாடா! மல்லிகா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், இன்னும் வலிக்கிறது. 9.40க்கு வெயில் வரும்போது அரைக் குடத்துக்கு மேல். நாற்பது கன்றுக்கும் கன்றுக்கொரு சின்ன டம்ளர் ஊற்றினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இது கிணறு அல்ல. ஒரு சட்டம் கன்றைச் சாகாமல் வைத்திருக்கும், வளர்க்க இன்னும் மூன்று வேண்டும். அண்ணன் அதற்குப் பாவு ஓட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஊடை இல்லாமல். யாரிடம் நெய்யக் கொடுத்தாலும் கஞ்சி வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லுங்கள். கீழே இறங்க ஜீப் காலை 11 மணிக்கு, விட்டால் மாலை 4 மணிக்குத்தான். முக்கியமாகப் போர்வை எடுத்துப் போங்கள். கீழ்நாட்டு ஆளான தணிகாசலம் அண்ணன் மெல்லிய துண்டோடு வந்து, அந்தக் குளிரில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார். கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு வந்த மல்லிகா அதைப் பார்த்தாள். நேராக வாசலுக்குப் போய், திருப்பூருக்கென்று கட்டியிருந்த பையைப் பிரித்து, அடியில் மடித்து வைத்திருந்த போர்வையை உருவி எடுத்து அவர்மேல் போர்த்தினாள்.