பழைய நம்பருக்குப் போன ஓடிபி

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் காகிதம் தங்காது. மழை தொடங்கினால் பீரோவுக்குள்ளும் பூஞ்சை ஏறிவிடும். மகளுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொன்ன முதல் எக்கோ ரிப்போர்ட்டை ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தபோது ஓரமெல்லாம் கறுத்து, எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. பயந்துபோய் அன்றைக்கே அதைப் படம் பிடித்து, என் இலவச மெயிலிலிருந்து எனக்கே அனுப்பினேன். ‘பாப்பா இருதயம்’ என்று தலைப்பு. அதற்கப்புறம் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாமே அந்த மெயிலுக்குள் போய்ச் சேர்ந்தன. தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறவள் நான். பூஞ்சை ஏறாத பீரோ ஒன்று சும்மா கிடைத்ததாகவே நினைத்திருந்தேன்.

இரண்டாம் வகுப்பில் மகளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானே அவளைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா புது எக்கோவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“முதல் ரிப்போர்ட் எங்கம்மா? ஓட்டை அப்பவே இந்த அளவா, இல்ல வளர்ந்திருக்கான்னு தெரியணும். அது இல்லைன்னா பாப்பாவை மயக்கம் கொடுத்து, உள்ள டியூப் விட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும்.”

“மெயில்ல இருக்குங்க டாக்டர், இப்பவே எடுக்கறேன்” என்று வெளியே வந்தேன்.

பழைய போன் முந்தின வாரம்தான் மழையில் நனைந்து செத்திருந்தது. புது போனில் மெயிலைத் திறந்ததில்லை. பாஸ்வேர்டைப் போட்டேன். இது நீங்கள்தானா என்று தெரிய வேண்டும், உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அது என் பழைய நம்பர். எங்கள் சரிவில் டவர் எடுக்கவில்லை என்று ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ விட்டுவிட்டேன். வேறு வழி எதுவும் அதில் இல்லை. மயக்க மருந்து கொடுத்து அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது கண்முன்னே வந்து நின்றது. பக்கத்தில் அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

விட்டுப்போன நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று, கடைசியில் என் பழைய நம்பருக்கே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் மாறியது.

“ஓடிபியா? போன வருசம் எங்கண்ணன் இப்படித்தான் நம்பரைச் சொல்லி பேங்குல இருந்ததையெல்லாம் விட்டுட்டு நிக்குது. ஆளை விடுங்க” என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏனுங்க, வெச்சுராதீங்க. அது உங்க பேங்குக்கு வந்தது இல்லீங்க, என்ற மெயிலுக்கு வந்தது. என்ற பாப்பாவுக்கு ஓட்டைங்க, நெஞ்சுல. நம்பலீன்னா வீடியோ கால்ல வாங்க, காட்டறேன்.”

பிறகு வீடியோவில் தலைக்கு எண்ணெய் வைத்த ஒரு முகம் தெரிந்தது. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது. நான் வராந்தாவையும், நர்ஸையும், மகளையும் காட்டினேன். எக்கோ எடுக்கத் தடவிய ஜெல் அவள் கழுத்தடியில் இன்னும் காயவில்லை.

“ஐயோ, புள்ள இவ்வளவு சின்னதா இருக்கே” என்றாள் அவள். “நாஞ் சொன்னா எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

“ஆகாதுங்க. சத்தியமா.”

முதலில் வந்தது காலாவதியாகியிருந்தது. மெயிலில் இன்னொன்று அனுப்பச் சொல்லி அழுத்தினேன். அவள் ஒவ்வொரு எண்ணாக, எழுத்துக்கூட்டுவது போலப் படித்தாள். மெயில் திறந்தது. ‘பாப்பா இருதயம்’ அப்படியே இருந்தது.

டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வளரலைம்மா. டியூப் இப்ப வேண்டாம். மாத்திரை தர்றேன், ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

திரும்பும்போது குன்னூர் வழியாகப் போகிற பஸ்தான் கிடைத்தது; பர்லியாறு தாண்டியதும் மகள் மடியில் தூங்கிப்போனாள். அப்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. யாரென்றே தெரியாத ஒருத்தி கையில் என் மெயில் பீரோவின் சாவி இத்தனை நாள் இருந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து மெயிலில் பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். குன்னூரில் இறங்கியதும் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன்.

மறுநாள் ஃபேக்டரியில் இருக்கும்போது போன் அடித்தது. திரையில் என் பழைய நம்பர். எதையோ கேட்டு மிரட்டப்போகிறாள் என்றே எடுத்தேன்.

“அக்கா, நாந்தான். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. புள்ளைக்கு என்ன சொன்னாங்க?”

சொன்னேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. மகள் படியேறும்போது நான் பின்னாலேயே நின்று அவள் மூச்சைக் கேட்கிறேன்.